மல்லாக்கக் கிடந்தவளும் குப்புறக் கிடந்தவளும்

நாற்பத்தொரு கிராம். கடைசியாகத் தராசில் ஏற்றியபோது சக்களத்தியின் எடை அவ்வளவுதான். ஒரு கோழிமுட்டை அதைவிடக் கனக்கும். அந்த நாற்பத்தொரு கிராமுக்காக ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் தன் வலது கண்ணையே பணயம் வைக்கப் பார்த்தார். நல்லவேளையாக அவருடைய அக்காவுக்குக் கையில் வலு அதிகம்.

பெண்மணியை விலங்குப் பூங்காவில் எல்லோரும் பூச்சியக்கா என்று கூப்பிடுவார்கள். சிலந்தி பூச்சி இல்லை, பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "எட்டுக்கால் பூச்சின்னுதானேக்கா ஊரே சொல்லுது?" என்று பதில் வரும். ஊரோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவரும் விட்டுவிட்டார். இப்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க யோசிக்கிறார்.

பூங்காவில் அவர் சேர்ந்தது டிக்கெட் கவுன்டரில். ஜன்னலின் சின்ன ஓட்டை வழியாக நாள் முழுக்கக் கைகளை மட்டும் பார்க்கிற வேலை. ஒரு நாள் ஒரு கை, செருப்புப் பெட்டி ஒன்றை உள்ளே தள்ளியது. "கொஞ்சம் பாத்துக்குங்க, வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்" என்றது குரல். வண்டியை நிறுத்தப் போன ஆள் இன்றுவரை நிறுத்திக்கொண்டிருக்கிறார். பெட்டிக்குள் ஒரு நாணய அளவில் சிலந்திக் குட்டி. பாம்புப் பிரிவில் கொண்டுபோய்க் கேட்டார். "எங்ககிட்ட வரணும்னா முதுகெலும்பு இருக்கணும்" என்றார்கள். பறவைப் பிரிவில் கேட்டார். இறகைக் காணோமே என்றார்கள். வேறு வழியில்லாமல் டிக்கெட் சுருள்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது. டிக்கெட் வாங்கிய குழந்தைகள் கவுன்டரை விட்டு நகர மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பூங்கா மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் இருந்த சாமான் அறையின் சாவியை அவர் கையில் கொடுத்தார். "இதையும் எடுத்துக்குங்க, அந்தக் கூட்டத்தையும் எடுத்துக்குங்க. எனக்கு வரிசை நகரணும்." சிலந்தி அறை பிறந்த கதை இவ்வளவுதான். யாரும் திட்டம் போடவில்லை.

குட்டி வளர்ந்தது. நிதானமாக, யாருக்கும் அவசரமில்லை என்பது போல. உள்ளங்கை அகலம் வந்தபோது கறுப்பு உடம்பும், கால் முட்டிகளில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த பட்டைகளுமாக, முட்டி போட்டு விளையாடி அடிபட்டு வந்தவள் மாதிரி நின்றாள். சிவப்பு முழங்கால் என்று இந்த வகைக்குப் பெயர். பேரினத்தின் பெயர் பிராக்கிபெல்மா. இந்தப் பெயரை வாய்க்குள் கொண்டுவரப் பூச்சியக்காவுக்கு ஒரு மாதம் பிடித்தது. அர்த்தம் என்னவென்று தேடிப் பார்த்தார்: குட்டைப் பாதம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முதலில் கணவரின் பாதத்தைத்தான் பார்த்தார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஆள் ஆறடி, பாதம் மட்டும் பள்ளிக்கூடப் பையன் அளவு. செருப்புக் கடையில் சிறுவர் பகுதிக்குப் போகச் சொல்வார்கள்.

"உங்க குடும்பம்தாங்க அது" என்றார் பூச்சியக்கா. "குட்டைப் பாதம்னு பேரே வெச்சிருக்காங்க."

"என் குடும்பமா? நல்லா இருக்கே கதை. எந்நேரமும் அதுகூடவே இருக்க. அது உன் சக்களத்தி."

"எனக்கு எப்படிங்க சக்களத்தி ஆவா? போட்டி உங்களுக்குத்தானே?"

"ஆம்பளைக்கு அப்படி ஒரு வார்த்தை இல்லையே. நான் எங்க போவேன்? இருக்குற வார்த்தையைத்தான் சொல்ல முடியும்."

அப்படி விழுந்த பெயர். கணக்குக்கு ஒத்துவராத உறவு, ஆனாலும் ஒட்டிக்கொண்டது. பூங்காவின் பதிவேட்டில் அவள் ஏழாவது பெட்டி. மற்ற எல்லா இடத்திலும் சக்களத்தி.

ஏழாவது பெட்டிக்கு இரண்டு பக்கமும் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கைகள் பின்னாளில் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் கைவிடப்பட்டவையும் சுங்கத்தில் பிடிபட்டவையும்தான். ஒருத்திக்குக் கால் முழுக்க நெருப்பு நிறம். ஒருத்திக்கு முட்டியில் தீக்கொழுந்து போல மெல்லிய கோடு. இன்னொருத்திக்குத் தலைப்பக்கத்தில் யாரோ மை தொட்டு வரைந்த மாதிரி கறுப்பு முக்கோணம். எல்லோரும் ஒரே பேரினம், தூரதேசத்துக் கடலோரக் காட்டிலிருந்து வந்த வம்சம். சாதாரண வீட்டுச் சிலந்தியின் பல் கத்தரிக்கோல் போலப் பக்கவாட்டில் சேரும். இவர்களுடையது கடப்பாறை போல மேலிருந்து கீழே இறங்கும். பள்ளிக் குழந்தைகள் வந்தால் பூச்சியக்கா இரண்டு கை விரல்களையும் வைத்து இதைச் செய்து காட்டுவார். பின்வரிசைக்குக் கேட்கிற குரல், டிக்கெட் கவுன்டரில் பழகியது. "கண்ணாடியைத் தட்டாதீங்க கண்ணுங்களா. உங்க வீட்டுக் கதவை நாள் பூரா ஒருத்தர் தட்டிக்கிட்டே இருந்தா சும்மா இருப்பீங்களா? இவ கோவம் வந்தா கடிக்கமாட்டா. முதல்ல பின்னங்காலால முதுகு முடியை உதறி விடுவா. மூக்குல ஏறினா மூணு நாளைக்குத் தும்மல்தான்."

ஓட்டுநர் மட்டும் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. வேலை முடிந்து மனைவியைக் கூட்டிப்போக வருவார், நிலைவாசலுக்கு ஒரு கை தள்ளி நின்றுகொள்வார். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு நெரிசலில் பேருந்தைத் திருப்புகிறவர். பிரேக் பிடிக்காத வண்டியை ஒரு தடவை மேட்டில் ஏற்றி நிறுத்தியவர். கேட்டால், "அதெல்லாம் வண்டி. இதுக்கு எட்டுக் கால்" என்பார். பூச்சியக்கா வற்புறுத்தியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் இருக்கும், அதைத் தாண்டச் சொல்லக்கூடாது என்பது அவர் எண்ணம்.

இந்த வருடம் பூச்சியக்காவின் வலது கண்ணில் நூல் தெரிய ஆரம்பித்தது. சாம்பல் நிறத்தில், மெல்லிய இழை இழையாக. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இவர் சிலந்தி வளர்க்கிறவர். கண்ணாடிப் பெட்டியில் நூல் தெரிகிறது என்றால் துடைக்க வேண்டும், அவ்வளவுதானே. துடைத்தார். மறுபடி தெரிந்தது, மறுபடி துடைத்தார். "இந்தச் சின்னவளுக என்னமா நூல் விடுதுங்க" என்று கடைசிப் பெட்டியில் இருந்த குட்டிகளைத் திட்டினார். கண்ணாடிகள் எல்லாம் பளிங்காக மின்னின. கடைசியில் ஒரு நாள் காலை தேநீர்க் குவளைக்குள்ளும் நூல் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அதற்குள் கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரையும் இறங்கியிருந்தது.

விழித்திரை பிய்ந்திருக்கிறது என்றார் கண் டாக்டர். "இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?"

"தொடைச்சேன் டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. அறுவை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை ஏற்றினார்கள். அந்தக் குமிழ் மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால், நோயாளி முகத்தைக் கீழே வைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் குப்புறப் படுக்கை. சாப்பாடு, குளியலறை எல்லாம் தலை குனிந்தபடி. நிமிர்ந்தால் திரை மறுபடி பிய்யும், அடுத்த தடவை ஒட்டும் என்று சொல்ல முடியாது.

அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். கணவரை இழந்தவர், ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவர், கனத்த கத்தரி பிடித்துப் பிடித்து இரும்பாய்ப் போன கை. "எல்லாம் அந்தச் சனியன் உதறுன முடிதான். கண்ணுல பூந்திருக்கும்" என்று வந்ததும் தீர்ப்புச் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொல்லியும் அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்டிலின் தலைமாட்டில் சட்டங்களின் இடைவெளி வழியே தரை தெரியும்படி மெத்தையை இழுத்துவிட்டு, நெற்றிக்கும் கன்னத்துக்கும் முட்டுக் கொடுத்து ஒரு தலையணை வளையம். அதற்குள் முகம். பூச்சியக்காவின் உலகம் கீழே இரண்டு தரை ஓடு அகலத்துக்குச் சுருங்கியது. முன்பு கைகளைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்தவர், இப்போது கால்களைப் படித்தார். அக்காவின் ரப்பர் செருப்பு கோபம் வந்தால் கூடுதலாகச் சத்தம் போடும். ஓட்டுநரின் காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தால் அவரே துவைத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சிலந்தி அறையைக் கிளிக்காரர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் பறவைப் பிரிவில் இருப்பவர். நாற்பது கிளிகளையும் குரலை வைத்தே பிரித்துச் சொல்லுவார், பொன்னான மனிதர். சக்களத்தி சில மாதமாகவே எதுவும் சாப்பிடவில்லை. வயதாகிவிட்டது என்று பூச்சியக்கா நினைத்தார். போகும்போது கிளிக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தண்ணி மட்டும் வைங்க. கால் எல்லாம் உள்ளுக்குள்ள சுருண்டு மடங்கினா எனக்குச் சொல்லுங்க. அதுதான் கடைசி."

கண் நன்றாக இருந்திருந்தால் வேறொன்றும் சொல்லியிருப்பார். ஏனென்றால் சக்களத்தியின் முதுகில் முடி உதிர்ந்த இடம் கறுத்துக்கொண்டு வந்தது. அது சாவின் அடையாளம் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பைப் பார்க்கிற கண்ணில்தான் திரை இறங்கியிருந்தது.

படுக்கையின் நான்காவது நாள் மதிய வேளையில் வாசற்கதவு திறந்தது. ஓட்டுநரின் ஷூ உள்ளே வந்தது. வேலை நேரத்தில் அவர் வீட்டுக்கு வருகிறவர் இல்லை. ஷூவைக் கழற்றாமல் உள்ளே வருகிறவரும் இல்லை. இரண்டு சின்ன ஷூக்கள் தரை ஓட்டின் விளிம்பில் வந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன.

"என்னங்க ஆச்சு?" என்றார் பூச்சியக்கா.

"ஒண்ணுமில்லையே. சும்மா வந்தேன். இந்தப் பக்கம் வண்டி வந்துச்சு."

"உங்க வண்டி இந்தத் தெருவுல எப்பங்க வந்திருக்கு?"

ஷூக்கள் பின்வாங்கின. அக்காவின் ரப்பர் செருப்பு பக்கத்தில் வந்தது. "சொல்லிடுங்க தம்பி" என்றார் அக்கா மெதுவாக. இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று பூச்சியக்காவுக்குப் புரிந்தது.

"கிளிக்காரர் டிப்போவுக்கு போன் பண்ணாரு" என்றார் ஓட்டுநர். "உன்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம்னாரு. பாவம், அழுதுட்டாரு மனுஷன். சக்களத்தி போயிட்டாளாம்மா."

தலையணை வளையத்துக்குள்ளிருந்து ஒரு சொட்டு தரை ஓட்டில் விழுந்தது. இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். யார் எந்த வருடம் வேலைக்கு வந்தார்கள் என்பதையே பூச்சியக்கா, "சக்களத்தி இவ்வளவு பெருசா இருந்தப்போ" என்று விரலை விரித்துத்தான் சொல்வார்.

அப்புறம் அவர் கேட்டார்: "எப்படிக் கிடந்தாளாம்?"

"எப்படின்னா?"

"குப்புறவா, மல்லாக்கவா?"

"அதெல்லாம் யாரு கேட்டா? செத்துட்டான்னாரு. காலை மேல தூக்கிட்டுக் கிடக்குறா, கிளிங்க மாதிரியேன்னாரு."

பூச்சியக்காவின் தோள் துள்ளியது. கிளி காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தால் கதை முடிந்தது, அது பறவைப் பிரிவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சிலந்தி அப்படிச் சாவதில்லை. சாகும் சிலந்தி நிற்கிற இடத்திலேயே காலைச் சுருட்டிக்கொள்ளும். மல்லாக்கப் படுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"தோல் உரிக்கிறாங்க அவ. சாகல. இத்தனை வயசுக்கு மேல தோல் உரிக்கிறா. அவரு என்ன செய்யப்போறாராம்?"

"காலேஜுக்குக் குடுக்கணுமாமே. ஸ்பிரிட் ஜாடியில போட்டு..."

பூங்காவின் வழக்கம் அது. இறந்த சிலந்தி எந்த இனம் என்று பார்க்கக் கல்லூரிக்குப் போகும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே பூச்சியக்காதான்.

கிளிக்காரருக்கு போன் போட்டார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. கிளிகள் அவருடைய ரிங்டோனைக் கற்றுக்கொண்டு நாள் முழுக்க ஏமாற்றியதால், போனைக் கூண்டுப் பக்கம் அவர் கொண்டுபோவதே இல்லை. அலுவலக போனும் சும்மா அடித்தது. சாப்பாட்டு நேரம்.

பூச்சியக்கா கையை ஊன்றினார். "நான் போறேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போய், குனிஞ்சுக்கிட்டே வந்துடறேன். குனிஞ்ச தலை நிமிரமாட்டேன்."

அக்காவின் கை பிடரியில் இறங்கியது. "படுடி. உன் கல்யாணத்தன்னிக்கே நீ குனிஞ்ச தலை நிமிராம இருந்தவ இல்ல. கூட்டத்தை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்த. இப்பதான் வெக்கம் வந்துடுச்சா?"

"அக்கா, விடு. அவளைத் தொட்டாலே போச்சு. உள்ள உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும்."

"கண்ணு போனா உனக்கு யாரு குடுப்பா? அவளா குடுப்பா? எட்டு கண்ணு வெச்சிருக்கா, ஒண்ணு குடுப்பாளா?"

அக்காவும் தங்கையும் இழுபறியில் இருக்கும்போது ஓட்டுநரின் ஷூக்கள் அசையாமல் நின்றன. பிறகு திரும்பின. "ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க" என்றார். "நான் போறேன்."

"நீங்க வாசல்லயே நின்னுடுவீங்க."

"வாசல்ல நின்னு கத்தினா கிளிக்காரருக்குக் கேக்காதா?" என்றவர், போகும்போது அக்காவிடம், "போனை அவ முகத்துக்குக் கீழ வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டுநரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். படமெல்லாம் காட்டாது. தரை ஓட்டில் கிடந்த தன் போனையே பூச்சியக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நண்பரின் பேருந்தில் ஏறிவிட்டதாக ஓட்டுநர் ஒரு தடவை கூப்பிட்டுச் சொன்னார். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தண்ணீர் மோட்டாரின் இரைச்சலோடு அவர் குரல் வந்தது.

"வந்துட்டேன். கதவு திறந்து கிடக்கு. ஜாடி மேஜை மேல இருக்கு. ஊத்தி வெச்சிருக்காரு. ஆளைக் காணோம்."

"ஜாடிக்குள்ள அவ இருக்காளா?"

"இங்கேருந்து தெரியல."

"பக்கத்துல போய்ப் பாருங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சியக்காவுக்கு அந்த வாசல் கண்ணுக்குள் தெரிந்தது: பச்சை வர்ணம் உரிந்த நிலை, அதற்கு ஒரு கை தள்ளி அவர் வழக்கமாக நிற்கிற இடம், சிமெண்டில் தேய்ந்த வட்டம்.

"உள்ள வந்துட்டேன்" என்றது குரல், ஒரு சுருதி இறங்கி. "ஜாடி காலி."

"ஏழாவது பெட்டி. சிவப்பு பல்புக்குக் கீழ. என்ன தெரியுது?"

"மல்லாக்கக் கிடக்குறா."

"காலு?"

"விரிஞ்சிருக்கு. சுருளல."

"அடியில வெள்ளையா, மெல்லிசா விரிப்பு மாதிரி இருக்கா?"

"இருக்கு. யாரோ துணி விரிச்சுப் படுக்க வெச்ச மாதிரி."

"அவளே நெய்ஞ்சது. படுக்கை போட்டுத்தான் படுப்பா." பூச்சியக்கா மூச்சை விட்டார். "உயிரோடதாங்க இருக்கா. நான் குப்புறக் கிடக்குறேன், அவ மல்லாக்கக் கிடக்குறா. ரெண்டு பேரையும் யாரும் அசைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அப்போதுதான் போனில் இன்னொரு குரல் கேட்டது. கிளிக்காரர். சக்களத்தியை வெறுங்கையால் தொட அவருக்கும் தைரியம் வரவில்லை. நீளமான கரண்டி தேடிக் குரங்குகளின் சமையல் கூடம்வரை போயிருக்கிறார். அந்தப் பயம்தான் அதுவரை அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

"அண்ணே, நீங்க ஏன் வந்தீங்க? நானே பதமா எடுத்துடறேன். எனக்கும் மனசு ஆறல."

"கரண்டியைக் கீழ போடுங்க."

"அண்ணே, வெச்சிருந்தா கெட்டுப்போயிடும். கொஞ்சம் தள்ளுங்க."

"தள்ளமாட்டேன். அவ துணி மாத்திக்கிட்டு இருக்கா."

பிறகு கரண்டி தரையில் விழுகிற சத்தம். கிளிக்காரர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று ஓட்டுநர் பிற்பாடு சொன்னார். கண்ணைக்கூட மூடிக்கொண்டாராம்.

காரியம் முடியப் பொழுது சாய்ந்தது. ஓட்டுநர் பாதி ஷிஃப்டை நண்பருக்கு மாற்றிவிட்டு, குழந்தைகள் உட்காரும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்புப் பக்கம் டப்பா மூடி மாதிரி பெயர்ந்திருக்கிறது. உள்ளே வேறொரு ஆள் தெரிகிறது. பழைய பல் கழன்றுவிட்டது, புதுப் பல் வெள்ளையாக இருக்கிறது. "பால் பல்லு" என்றார். ஒவ்வொரு காலாக, கையுறையிலிருந்து விரலை உருவுகிற மாதிரி வருகிறது. அக்காகூடத் தரையில் உட்கார்ந்து, போனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எத்தனை கால் வந்துச்சு தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டும் விட்டார்.

"ஏழு வந்துடுச்சுக்கா. ஒண்ணு மட்டும் நிக்குது. இழுக்குறா, வரமாட்டேங்குது."

பூச்சியக்காவுக்குத் தெரியும். வயதானவர்களுக்கு இங்கேதான் கண்டம். தோல் காய்ந்துவிட்டால் கால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், இழுத்து இழுத்தே ஓய்ந்துபோவார்கள்.

"மேஜையில சொட்டு மருந்துக் குப்பி மாதிரி ஒண்ணு இருக்கும். அதுல தண்ணி எடுங்க. மூடியைத் திறந்து, மாட்டின இடத்துல ஒரே ஒரு சொட்டு. அவ மேல படக்கூடாது."

"மூடியையா திறக்கணும்?"

"ஆமாங்க."

"கை உள்ள போகணுமே."

"போகணும்" என்றார் பூச்சியக்கா. "கிளிக்காரரைச் செய்யச் சொல்லட்டுமா?"

"அவரு இன்னும் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்குறாரு" என்றார் ஓட்டுநர். "போனைக் கீழ வைக்கிறேன். ரெண்டு கையும் வேணும்."

மோட்டார் இரைச்சல். மூடியின் கீல் கிறீச்சிட்டது. அந்தக் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று பூச்சியக்கா எத்தனை நாள் நினைத்திருப்பார். ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அக்காவின் கை தன் பிடரியில் இன்னும் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அது அழுத்தவில்லை, தடவிக்கொண்டிருந்தது. மறுபடியும் கீல் கிறீச்சிட்டது.

"விட்டுட்டேன்" என்றது குரல். மோட்டார் இரைந்துகொண்டே இருந்தது. பிறகு, "அய்யோ" என்றார் மெதுவாக.

"என்னங்க?"

"ரெண்டு ஆயிட்டாம்மா."

"என்னது?"

"ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தி அப்படியே கிடக்குறா, பக்கத்துல இன்னொருத்தி, பெயின்ட் அடிச்ச மாதிரி. சக்களத்திக்கே சக்களத்தி வந்துட்டா."

பூச்சியக்கா சிரித்தார். குப்புறப் படுத்துக்கொண்டு சிரிப்பது கஷ்டம். தலையணை வளையம் குலுங்கியது. "ஆட்டாதடி, கண்ணு" என்று அக்கா அதட்டினார், அவரும் சிரித்துக்கொண்டேதான்.

"கிடக்குறது வெறும் தோல்ங்க. காலு எட்டும் வெளிய வந்துடுச்சா, அதைச் சொல்லுங்க."

"எட்டும் வந்துடுச்சு. எண்ணிட்டேன். இங்க பாரு, முட்டி எப்படிச் சிவந்திருக்கு. இப்படி ஒரு நிறமா? நீ ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க எப்பங்க உள்ள வந்தீங்க?"

அந்தத் தோலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. சிவப்பு முழங்கால் என்று வியாபாரத்தில் ஒரே பெயரில் ஓடியது உண்மையில் இரண்டு இனம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்த நாளிலிருந்து, ஏழாவது பெட்டியின் பெயர்ச்சீட்டில் பூச்சியக்கா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். வெளியே பார்த்தால் இரட்டைப் பிறவிகள். முகத்தில் ஏதோ இரண்டு மங்கல் பட்டை என்கிறார்கள், அதுவும் எல்லோருக்கும் தெரிவதில்லை. நிச்சயமாகச் சொல்ல, உரித்த தோலின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சென்ற தடவை உரித்ததை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பார்க்கக் கொடுத்தார். அப்பளமாக நொறுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை தோலை எடுத்தவர் ஓட்டுநர், நீள இடுக்கியால், கிளிக்காரர் டார்ச் பிடிக்க. ஊற்றி வைத்த ஸ்பிரிட் வீணாகவில்லை. ஜாடிக்குள் தோல் போனது. கிளிக்காரர் பெயர்ச்சீட்டில் முன்பே எழுதிவைத்திருந்த "இறப்பு" என்ற வார்த்தையை அடித்துவிட்டு, என்ன எழுதுவதென்று தெரியாமல் "நலம்" என்று எழுதினார்.

அன்று இரவு ஓட்டுநர் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினார். கட்டிலுக்குக் கீழே தரையில் மல்லாக்கப் படுத்து, மனைவியின் முகத்துக்கு நேர் கீழே தலையை வைத்துக்கொண்டார். நான்கு நாளாகக் கால்களையே பார்த்தவர் அன்றுதான் ஒரு முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மல்லாக்கப் படுக்கிறீங்க?"

"நானும் உரிக்கலாம்னு பாக்குறேன்" என்றார் ஓட்டுநர். முழங்கையை ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் கிடந்த பழைய முடி ஒட்டியிருக்கும்.

குப்புறப் படுக்கை முடிந்துவிட்டது. குமிழ் கரைகிறவரை, முடி பறக்கிற அந்த அறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் சில வாரம் ஆகும். கல்லூரியிலிருந்து பதில் வரவில்லை, கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. சக்களத்தியின் பல் கறுத்துக் கெட்டியாகி வருகிறது. வியாழக்கிழமை அவளுக்கு முதல் வெட்டுக்கிளி. போடப்போவது ஓட்டுநர்.